பாடி லிஃப்ட் (தொங்கும் தோலை வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நன்றாகவே இளைத்துவிட்டேன். ஆனால் வயிறு, இடுப்பு, பின்பக்கம் எல்லாம் தோல் தொங்குகிறது. அடிவயிற்று மடிப்புக்குள் வியர்வை தேங்கி, உரசிச் சிவந்து, புண்ணாகிறது. களிம்பு தடவினால் ஆறும், மறுபடியும் வரும். "அழகுக்காகவா?" என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டவா முடியும்!

இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வெட்டித் தைப்பார்கள், தழும்பு மங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அடியோடு மறையாது என்று மருத்துவர் விளக்கினார். சரி, அதற்குத் தயார். எடை 6 மாதத்துக்கு மேலாக ஏறாமல் இறங்காமல் நிற்கிறது. புகைப்பழக்கம் இல்லை. புரதம், இரும்புச்சத்து அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. முன்னாலும் பின்னாலும் தையல் இருந்தால் எப்படிப் படுப்பது? நீர் வடியும் குழாயோடு உடை மாற்றுவது, குளிப்பது எல்லாம் எப்படி? குழாயை எடுத்த பிறகும் உள்ளே நீர் கோத்ததா? கழிப்பறைக்குப் போக எத்தனை நாள் துணை வேண்டியிருந்தது? காலில் ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்களா, நடந்தாலே போதும் என்றார்களா?

அப்புறம், தொடையையும் சேர்த்தே செய்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். மயக்க நேரம் நீளும் என்பதால் எனக்கு இஷ்டமில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்கள் உண்டா? தையல் பிரிந்து அவதிப்பட்டவர்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.