வேலையிடத்தில் ‘கலோர்’ (ஸ்பானிய மொழியில் வெப்பம்) என்பதை எப்படிச் சொல்வது? அவசரம்

கேட்டவர்: வணக்கம். நான் ஸ்பெயினுக்கு அண்மையில்தான் வந்தேன். நாளைக்கு ‘அவிசோ நரான்ஹா போர் கலோர்’ (வெப்பத்துக்கான ஆரஞ்சு எச்சரிக்கை) என்று மேற்பார்வையாளர் செய்தி அனுப்பியிருக்கிறார். இன்று மதியமே எனக்குத் தலை சுற்றியது. வெப்பம் தாங்கவில்லை என்று சொல்லச் செயலியில் தேடினால், ‘தெங்கோ கலோர்’ என்றும் ‘எஸ்தோய் கலியெந்தே’ என்றும் இருவிதமாக வருகிறது. காலை ஏழு மணிக்கு வேலை. எதைச் சொல்வது?

புர்கோஸ்வாசி: வெயிலுக்கே இப்படி என்றால் குளிருக்கு என்ன செய்வீர்கள்? ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று இப்பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. நான் வந்து இறங்கியது சனவரியில். வீட்டு உரிமையாளர் மாலையில் மட்டுமே வெப்பமூட்டியைப் போடுவார் என்பதால், மேலங்கியோடுதான் உறங்கினேன். முதலில் குளிரைக் குறிக்கும் ‘ஃப்ரியோ’வைக் கற்றுக்கொள்ளுங்கள்.

மாட்ரிட்காரன்: அவர் கேட்டது அதுவன்று. ஊரே வெப்பமாக இருந்தால் ‘ஆத்தே கலோர்’. உங்கள் உடலுக்கு வெப்பமாக இருந்தால் ‘தெங்கோ கலோர்’. தண்ணீரோ காப்பியோ சூடாக இருந்தால்தான் ‘எஸ்தா கலியெந்தே’. மனிதர் தம்மைப் பற்றி ‘எஸ்தோய் கலியெந்தே’ என்றால் காமக் கிளர்ச்சி என்று பொருள்படும் என்பதால், மேற்பார்வையாளரிடம் அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மிகுதியைக் குறிக்க ‘முச்சோ கலோர்’ என்பதே சரி, ‘முய் கலோர்’ தவறு.

செவில்லா அண்ணன்: தம்பி, இவ்வளவு இலக்கணம் பார்த்தால் வாயே திறக்க வராது. எங்கள் பக்கம் ‘லா கலோ’ என்று பெண்பாலாக்கி, கடைசி எழுத்தையும் விழுங்கிவிடுவார்கள். அப்படியே பேசுங்கள்.

மாட்ரிட்காரன்: அது தெற்கே உள்ள ஆந்தலூசியப் பகுதியின் பேச்சு, அண்ணா. எழுத்தில் ‘எல் கலோர்’ என்று ஆண்பால்தான்.

வலென்சியாவிலிருந்து: சொல்லைத் தெரிந்து என்ன பயன்? மேல்தளத்து வீட்டில் குளிர்சாதனம் கேட்டால், பகலில் பெர்சியானாவை (சன்னலின் சுருள் மறைப்பை) இறக்கி வையுங்கள் என்று உரிமையாளர் அறிவுரை சொல்கிறார். வாடகையை மட்டும் இறக்க மாட்டார்!

பார்சலோனா அக்கா: வீட்டுக் கதையைப் பிறகு பேசலாம். தம்பி, நீங்கள் எந்த ஊர், வேலை உள்ளேயா வெளியேயா என்று சொல்லவே இல்லையே?

கேட்டவர்: மன்னிக்கவும் அக்கா. கோர்தோபா, கூரைகளில் சூரியத் தகடு பொருத்தும் வேலை.

பார்சலோனா அக்கா: அப்படியானால் அந்தச் செய்தி வெறும் வானிலைச் செய்தி அன்று. அரசு வானிலை நிறுவனமான ஏமெத்தின் எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஏறும். ஆரஞ்சோ சிவப்போ அறிவிக்கப்பட்டு, மற்ற பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாமல் போனால், திறந்தவெளி வேலையின் நேரத்தைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் அரசாணைச் சட்டம் சொல்கிறது. ஆகவே இன்றிரவே நேரத்தைக் கேட்டு எழுதுங்கள். ‘தெங்கோ கலோர்’ என்று மட்டும் சொன்னால் எல்லோருக்கும்தான் என்று சிரித்துவிடுவார்கள். ‘மே மரேயோ’, அதாவது தலை சுற்றுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது ‘கோல்பே தே கலோர்’, வெப்பத்தாக்கு. உடனிருப்பவர் 112ஐ அழைத்து அந்த மூன்று சொற்களையும் முகவரியையும் சொல்ல வேண்டும். அவரிடம் இதைக் காலையிலேயே சொல்லி வையுங்கள்.