பழமும் ஆகல, மாத்திரையும் ஆகல: வைட்டமின் சி-க்கு என்ன வழி?

வண்ணாரப்பேட்டைவாசி: ஆரஞ்சு, கொய்யா சாப்பிட்டா வயித்து உப்புசம், 500 மி.கி. மாத்திரை போட்டா நெஞ்செரிச்சல். இப்படி இருக்கறவங்களுக்கு என்ன வழி?

அடுப்படி: முருங்கைக்கீரை. 100 கிராமுக்கு 220 மி.கி. ஆணுக்கு நாளுக்கு 80, பெண்ணுக்கு 65 போதும். விஷயம் முடிஞ்சுது.

காசிமேட்டுக்காத்து: எங்க முடிஞ்சுது தலைவரே? 220 ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய உணவுச் சத்து அட்டவணைக் கணக்கு. அமெரிக்க அட்டவணையில பச்சை இலைக்கே சுமார் 52, வெந்ததுக்கு 31. நம்ம வீட்டுல கீரையை நறுக்கி அப்புறம் கழுவுவாங்க, வேகவச்ச தண்ணிய வடிச்சுக் கொட்டுவாங்க. இந்தச் சத்து தண்ணியில கரையும், சூட்டுலயும் காத்துலயும் அழியும். பச்சை நிறம் போகாம இருக்க ஆப்பசோடா போட்டா மிச்சமும் காலி.

அடுப்படி: சரி, கழுவிட்டு நறுக்கி, கொஞ்சத் தண்ணியில மூடி 5 நிமிஷம், தண்ணியோட சாப்பிடட்டும். கூட பச்சைக் குடைமிளகாய் 50 கிராம் வேகவைக்காம: 40 மி.கி. தோலோட வேகவச்ச உருளை 200 கிராம்: சுமார் 25.

அத்தோபிரியன்: பர்மா பஜார் பக்கத்துல விக்கற அத்தோவுல, அதான் அந்த பர்மா நூடுல்ஸ்ல, பச்சை முட்டைகோஸ் தானே!

காசிமேட்டுக்காத்து: 50 கிராம் கோஸுக்கு 18 மி.கி. மேல பிழியற ஒரு ஸ்பூன் எலுமிச்சைல 2 கூட தேறாது. புளித்தண்ணியும் மிளகாத்தூளும் நெஞ்செரிச்சல்காரருக்கு வினை. கோஸ் நிறைய போனா வாயுவும் வரும், உப்புசக்காரருக்கு அதுவும் சிக்கல். மாத்திரையைக் கழிச்சுக்கட்டாதீங்க. எரியறது பெரும்பாலும் வெறும் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி-யோட அமில வடிவம், அதுவும் வெறும் வயித்துல. அமிலம் தணிஞ்ச கால்சியம் அஸ்கார்பேட் கேளுங்க. நாளுக்கு 100 மி.கி. அளவு, சாப்பாட்டுக்கு அப்புறம். அந்த அளவுல பெரும்பகுதி உடம்புல சேரும். 1,000-க்கு மேல போனா பாதி கூட சேராது, மிச்சம் குடல்ல தண்ணிய இழுத்து வயித்தால போகும்.

அடுப்படி: கல் வந்த சிறுநீரகக்காரருக்கும் அதே மாத்திரையா?

காசிமேட்டுக்காத்து: அவங்களுக்கு வேணாம், டாக்டர் சொன்னாத்தான். அங்க உங்க குடைமிளகாய்தான் சரி. சப்பற மாத்திரையும் வேணாம், பல் எனாமல் அரிக்கும். சிலதுல சர்க்கரைக்குப் பதிலா இனிப்புக்குப் போடற சார்பிட்டால் வேற இருக்கும், உப்புசம் இன்னும் ஏறும்.

அடுப்படி: குடைமிளகாயை ஒத்துக்கிட்டீங்களே, அது போதும். சாம்பார்ல கொதிக்க விடாம, இறக்கும்போது போடுங்க.