புதுப்பிப்பு: கருமந்திப் படத்தில் முகம் கரியாக விழும் பிரச்சினை தீர்ந்தது

நீலகிரியில் கோத்தகிரி லாங்வுட் சோலைக் காட்டில் எடுக்கும் கருமந்திக் குரங்கின் (நீலகிரி லங்கூர்) படங்களில் முகம் வெறும் கரியாக விழுகிறது என்று கேட்டிருந்தேனே, யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வைக்கச் சொன்னதுதான். பின்னால் மூடுபனி வெள்ளையாக நிற்பதால் கேமராவின் ஒளி மீட்டர் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுகிறது. கூட்டியதும் பனி வெளுத்துப்போனது, போகட்டும். தலையின் பொன்பழுப்பு மயிர் இழை இழையாக வந்துவிட்டது. பழைய படத்தின் ரா கோப்பில் (கேமராவின் மூலக் கோப்பு) இருண்ட பகுதியை வெளிச்சமாக்கிப் பார்த்ததில் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல்தான் மிஞ்சியது.

எதிர்பாராதது: வாலுக்குக் குறுக்கே இருந்த குச்சியை போட்டோஷாப்பில் அழிக்கக் கூடாதாம். ஃபியாப், பிஎஸ்ஏ என்ற புகைப்பட அமைப்புகளின் நேச்சர் (இயற்கைப் படம்) பிரிவு விதிப்படி க்ராப் செய்யலாம், அதாவது ஓரங்களை வெட்டலாம், சென்சார் தூசியை எடுக்கலாம். காட்சியில் இருப்பதை நீக்கக் கூடாது. அதனால் முகத்தை மட்டும் இறுக்கி க்ராப் செய்து கிளப் போட்டிக்கு அனுப்பினேன். தேர்வாகிவிட்டது.