மதர்ஷிப் விதிநூல்: ஒளிந்துகொள்ளும் திறன் இல்லாதது குறையா?

விண்கலவாசி (வினா):

வணக்கம். விண்வெளித் திகிலைக் களமாகக் கொண்ட, ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் மதர்ஷிப் ரோல்பிளேயிங் விளையாட்டின் முதல் பதிப்புப் பெட்டி கடந்த வாரம் கைக்கு வந்தது. வீரர்களுக்கான சிறிய கையேட்டை இரண்டு முறையும், ஆட்டத்தை நடத்தும் வார்டனுக்கான கையேட்டை ஒரு முறையும் படித்துவிட்டேன். பாத்திரத்தின் விவரங்களை எழுதும் கேரக்டர் ஷீட்டின் அமைப்பு என்னை மிகவும் கவர்ந்தது. அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்து சென்றாலே, விதிநூலைப் புரட்டாமல் ஒரு பாத்திரத்தை உருவாக்கிவிட முடிகிறது.

எனினும், இதுவரை வாளும் மந்திரமும் நிறைந்த சாகச ஆட்டங்களை மட்டுமே நடத்தியவன் என்பதால், இரண்டு இடங்களில் தயங்கி நிற்கிறேன். முதலாவது, திறன் பட்டியலில் விலங்கியலும் இறையியலும்கூட இருக்கும்போது, அரக்கனிடமிருந்து ஒளிந்துகொள்வதற்கென ஒரு திறன் இல்லை. இரண்டாவது, பத்து முகப் பகடை இரண்டை உருட்டி 25ஐக் கூட்டி வருவதே வலிமை, வேகம் போன்ற ஒரு பண்பின் மதிப்பு என்பதால், சராசரி 36 அளவில்தான் நிற்கிறது. பயிற்சி பெற்ற திறனுக்கான 10ஐச் சேர்த்தாலும் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பதைத் தொடுவதில்லை. தோற்கும் ஒவ்வொரு முறையும் மன அழுத்தம் ஒரு புள்ளி ஏறுகிறது. இப்படி அடிக்கடி தோற்றால் என் நண்பர்கள் சோர்ந்துவிட மாட்டார்களா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கலங்கரை:

நான்கு முறை நடத்தியிருக்கிறேன். ஒளிவதற்குத் திறன் இல்லாததை இந்த விதிநூலின் மிகச் சிறந்த முடிவாகவே கருதுகிறேன். எங்கள் ஆட்டத்தில் ஒருவர் விண்வெளி உடைகள் வைக்கும் அலமாரிக்குள் நுழைவதாகச் சொன்னார். தலைக்கவச விளக்கை அணைத்தீர்களா, கதவு முழுவதும் சாத்துமா, பிராணவாயு உருளையின் சீறல் வெளியே கேட்குமா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பத்து நிமிடம் பகடையை யாரும் தொடவே இல்லை. திறன் என்று ஒன்று இருந்திருந்தால் அவர் ஒரு முறை உருட்டியிருப்பார், அத்துடன் அந்தப் பயம் முடிந்திருக்கும்.

எண்கள் குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுவே. எதற்கெடுத்தாலும் உருட்டச் சொல்லாமல், தோல்விக்கு உண்மையான விலை இருக்கும் இடத்தில் மட்டும் உருட்டச் சொல்ல வேண்டும் என்பதை வார்டன் கையேடு தெளிவாகவே கூறுகிறது. பழைய ஆட்டங்களின் பழக்கத்தில் கதவு திறப்பதற்கெல்லாம் உருட்ட வைத்தால், நீங்கள் அஞ்சும் சோர்வு நிச்சயம் வரும். மன அழுத்தம் 2இல் தொடங்குகிறது. பாத்திரம் நிலைகுலைகிறதா என்று பார்க்கும் பீதிச் சோதனையில் இருபது முகப் பகடை அந்த எண்ணைத் தாண்டினால் தப்பிக்கலாம். ஆகவே, தொடக்கத்தில் ஏறும் புள்ளிகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது 9, 10 என்று வளர்ந்த பிறகுதான் பகடையை எடுக்கும் கை தயங்குகிறது.

மரணச் சோதனையை மட்டும் தவறவிடாதீர்கள். வீழ்ந்தவருக்கான பத்து முகப் பகடையை ஒரு குவளையில் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்து வைக்க வேண்டும். யாராவது தம் முறையைச் செலவிட்டு அவருடைய நாடியைப் பார்க்கும் வரை குவளையைத் தூக்கக் கூடாது. நாங்கள் எவர்சில்வர் டம்ளரைப் பயன்படுத்தினோம். உள்ளே 5 முதல் 9 வரை இருந்தால் அவர் இறந்துவிட்டார், அதாவது சரிபாதி வாய்ப்பு. மற்ற மூவரின் பாத்திரங்களும் ஓடிக்கொண்டிருக்க, அந்த டம்ளர் அரைமணி நேரத்துக்கு மேல் மேசை நடுவிலேயே இருந்தது. திரும்பிச் செல்வதா வேண்டாமா என்று அவர்கள் அதைப் பார்த்தபடியே வாதிட்டார்கள்.

பழைய_ஏடு:

கலங்கரை சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். 1981இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட, சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த கால் ஆஃப் கதுல்லு என்ற துப்பறியும் திகில் ஆட்டத்தை நான் பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். அதில் மறைபொருள் அறிவு வளர வளர, ஒரு பாத்திரம் எட்டக்கூடிய மனநலத்தின் உச்ச வரம்பே 99இலிருந்து இறங்கிக்கொண்டு வரும். புத்தகத்தைப் படித்தால்தான் வழக்கு துலங்கும், படித்தாலோ மீள முடியாத ஒன்றை இழக்க நேரும். மாதக்கணக்கில் ஒரே பாத்திரத்தை ஆடுபவருக்கு அந்த மெல்லிய தேய்மானம் தரும் துயரம், மதர்ஷிப்பின் ஏறி இறங்கும் மன அழுத்தத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. ஓரிரு அமர்வுகளில் முடியும் கதைக்கே மதர்ஷிப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

மேலும், சண்டையில் யார் முதலில் செயல்படுவது என்ற விளக்கம் வீரர் கையேட்டில் மிகச் சுருக்கமாக இருக்கிறது. முதல் அமர்வுக்கு முன்பே அதை உங்கள் குழுவுடன் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

கலங்கரை:

நீண்ட தொடரைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரு பாத்திரத்தின் பயம் மற்றவர்களுக்கும் தொற்றுவது இங்கே விதியாகவே இருக்கிறது. பாத்திர வகைகளில் ஒன்றான மரைன் என்ற படைவீரர் பீதியடைந்தால், அருகிலிருக்கும் தோழர்கள் அனைவரும் பயச் சோதனை செய்ய வேண்டும். மற்றொரு வகையான ஆண்ட்ராய்டு என்ற மனித உருவ இயந்திரம் பக்கத்தில் நின்றாலே மற்றவர்களின் பயச் சோதனை கடினமாகிறது. குழுவாக நொறுங்கும் இந்த உணர்வை நான் வேறு விதிநூலில் கண்டதில்லை.

விண்கலவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. பெட்டியோடு வந்த அனதர் பக் ஹண்ட் கதையைத் தொடராக நீட்டாமல், முதல் பகுதியை மட்டும் வரும் சனிக்கிழமை நடத்தப் போகிறேன். சண்டை வரிசையைப் பற்றி நண்பர்களுக்கு இன்றே எழுதிவிட்டேன். கண்ணாடிக் குவளையில் எண் தெரிந்துவிடும் என்பதால், அம்மாவிடம் சொல்லி ஒரு பித்தளை டம்ளரை எடுத்து வைத்திருக்கிறேன்.