மீட்டர் 228 காட்டியது, எர்த் செத்துக் கிடந்தது

(வீட்டு எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, பற்றி மூன்று பேர் புனைபெயரில் எழுதிக்கொண்டது.)

கொல்லைப்புறம்:

திருச்சியில் சொந்த வீடு. வயரிங் போட்டு 16 வருடம். போன சித்திரையில் மாவு வழிக்கும்போது அம்மா கையை உதறினார். "கிரைண்டர்ல சுருக்குங்குதுடா." நான் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே பாயின்ட்டில் மல்டிமீட்டரை வைத்தேன். ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி)-நியூட்ரல் (திரும்பிப் போகும் கம்பி) 231 வோல்ட். ஃபேஸ்-எர்த் 228. நியூட்ரல்-எர்த் 3. புத்தகத்தில் போட்டதுபோல் இருந்தது. "எர்த் நல்லா இருக்கும்மா, உனக்குத்தான் பிரமை" என்றேன். அந்த வாக்கியத்துக்காக இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நாலு நாள் கழித்து என் கைக்கும் அடித்தது. தெரிந்த வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டேன். வயது அறுபதுக்கு மேல். மீட்டரைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பை எடுத்தார். அதற்கு முன், வீட்டில் இருக்கிற எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொன்னார், ஃப்ரிட்ஜ் உட்பட. மோட்டார் பக்கம் யாரும் போகக் கூடாது என்றார். காரணம் அப்புறம்தான் புரிந்தது: எர்த் கம்பி எங்காவது அறுந்திருந்தால், பல்பு வழியாகப் போகும் கரண்ட், அந்தக் கம்பியில் இணைந்த எல்லா இரும்பு உடம்பிலும் ஏறி நிற்கும்.

ஃபேஸ்-நியூட்ரலில் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேஸ்-எர்த்தில் வைத்தார். இழை சிவக்கக்கூட இல்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது இழுக்கும் கரண்ட் அவ்வளவு கொஞ்சம். துரு வழியாக மயிரிழைத் தொடர்பு இருந்தாலே 228 காட்டிவிடும். பல்புக்கோ கால் ஆம்பியர் வேண்டும். கொல்லையில் எர்த் குழியின் சிலாப்பை நகர்த்திப் பார்த்தோம். மண்ணில் இறக்கிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்போடு எர்த் கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் போல்ட் துருவாகவே மாறியிருந்தது. லேசாக இழுத்ததும் கம்பி கையோடு வந்துவிட்டது. குழியில் ஈரம் என்ற பேச்சே இல்லை. நீர் ஊற்றி எத்தனை வருடமோ.

புதிதாக இரண்டரை மீட்டர் பைப் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினோம். வீட்டுக் கம்பியைக் குழியிலிருந்து கழற்றிவிட்டு, மெயினையும் அணைத்து, மண்ணில் இரண்டு முளை அடித்து எர்த் டெஸ்டரில் அளந்தார். மண்ணோடு உள்ள தடை 4.6 ஓம். பிறகு மீண்டும் பல்பு. இந்த முறை நன்றாக எரிந்தது. கிரைண்டர் மோட்டாரிலும் ஈரம் ஏறியிருந்தது, அதைக் கழற்றிக் காயவைத்தது தனி வேலை.

மூன்றாம் மாடி:

எனக்கு நடந்தது நேர்மாறு. சென்னையில் வாடகை வீடு. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது அதன் உலோக உடம்பில் விரலை இழுத்தால் எறும்பு ஊர்வது போல இருக்கும். அளந்தால் நியூட்ரலுக்கும் உடம்புக்கும் 105 வோல்ட். பாதி வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது என்று குழம்பினேன். சார்ஜருக்குள் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கெபாசிட்டர்கள் உண்டாம், நடுவில் இருப்பது எர்த். எர்த் இல்லையென்றால் அந்த நடுப்புள்ளி பாதியில் தொங்கும்.

ஹவுஸ் ஓனர் ஒருவரை அனுப்பினார். பத்தே நிமிடம். சுருக்கு போய்விட்டது. மீட்டரில் ஃபேஸ்-எர்த் 229, நியூட்ரல்-எர்த் 0.0. அயர்ன் பாக்ஸ் ஓடும்போதும் 0.0. இவ்வளவு நல்ல எர்த்தா என்று பூரித்துப் போனேன்.

வயர்மேன் 62:

மூன்றாம் மாடி அம்மா, அந்த 0.0 நல்ல சகுனமில்லை. லோடு (கரண்ட் இழுக்கும் சாதனம்) ஓடினால் நியூட்ரல் கம்பியில் ஒன்றிரண்டு வோல்ட் இறங்கும், அது நியூட்ரல்-எர்த் அளவில் தெரிய வேண்டும். அசையாத சுழியம் என்றால் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் துண்டுக் கம்பியால் சேர்த்திருப்பார். இதில் பல்பும் ஜோராக எரியும், மீட்டரும் சரியாகக் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனம் வழியாகவே 230 வோல்ட் உடம்புக்கு வந்துவிடும். உடனே கழற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆர்.சி.சி.பி.யின் (கரண்ட் கசிந்தால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்தி "எர்த் ஓகே" என்று சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். பட்டன் பெட்டிக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவு உண்டாக்குகிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது விழும். அதற்காக அதைக் குறைத்து நினைக்க வேண்டாம். குழியின் தடை 10 ஓம் என்று வையுங்கள், ஃபேஸ் உடம்பைத் தொட்டால் ஓடுவது 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்) சும்மா உட்கார்ந்திருக்கும். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.தான் அங்கே விழும். அது உள்ள வீட்டில் பல்பை வைத்தால், எர்த் உயிரோடு இருந்தால் வைத்த நொடியில் ட்ரிப் ஆகும். பல்பு சோதனையைப் படித்துவிட்டு யாரும் தனியாகச் செய்யாதீர்கள், சொல்லிவிட்டேன்.

கொல்லைப்புறம்:

அந்த ஆர்.சி.சி.பி.யையும் மாட்டிவிட்டோம். வாரம் ஒருமுறை துளசிக்கு ஊற்றிய கையோடு அம்மா குழிக்கும் ஒரு குடம் ஊற்றுகிறார்.

மூன்றாம் மாடி:

நேற்று பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு அங்குலச் சிவப்புக் கம்பி, வயர்மேன் ஐயா சொன்ன அதே இடத்தில். எடுத்துவிட்டார்கள். சுருக்கு திரும்ப வந்துவிட்டது. எர்த் கம்பி மேலே வரவே இல்லையாம், தரைத்தளத்தோடு நின்றுவிட்டதாம். ஓனர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார். அதுவரை லேப்டாப்பை பேட்டரியில்தான் ஓட்டுகிறேன்.