நூல் கடை பில்லிங்: ஜாங்கோவா, ஸ்பிரிங் பூட்டா?

நூல்கடைக்காரன்:
ஈரோட்டில் எங்கள் நூல் கடையில் 2003-ல் விபி6 என்ற பழைய நிரல் மொழியில் எழுதிய பில்லிங் மென்பொருள்தான் இன்னும் ஒட்டுப்போட்டு ஓடுகிறது. புதிதாக எழுதப் போகிறோம். நானும் தம்பியும்தான். பில், ஸ்டாக், பார்ட்டி லெட்ஜர் போதும். ஐந்து பேர் பயன்படுத்துவார்கள். எந்த ஃபிரேம்வொர்க் (மென்பொருள் எழுதத் தயாராகக் கிடைக்கும் அடித்தளம்) எடுக்கலாம்?

கதிர்:
பைத்தான் மொழியின் ஜாங்கோ. ரெண்டு பேருக்கு வேறு எதுவும் கட்டுப்படியாகாது. மாடலை, அதாவது என்னென்ன விவரம் சேமிக்க வேண்டும் என்பதை, எழுதிப் பதிவு செய்தால் பார்ட்டி, கவுண்ட் (நூலின் பருமன் எண்), குடோன் எல்லாவற்றுக்கும் விவரம் சேர்க்க, திருத்த அட்மின் பக்கம் தானாக வந்துவிடும். லாகின், அனுமதி, டேட்டாபேஸ் டேபிள் மாற்றம் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. கன்சாஸில் ஒரு நாளிதழ் அலுவலகத்தின் அவசரத்தில் பிறந்து 2005-ல் வெளிவந்தது அது. சீக்கிரம் முடிப்பது அதன் ரத்தத்திலேயே உண்டு.

வளர்மதி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அட்மின் பக்கம் பார்ட்டி, ஐட்டம் போன்ற மாஸ்டர் பட்டியல்களுக்குச் சரி. கவுண்டரில் பில் போடுபவர் இருபது வருஷமாக என்டர் தட்டித் தட்டியே முடிப்பவர். மவுஸைத் தொட மாட்டார். அந்தத் திரையை எதில் எழுதினாலும் கையால்தான் எழுத வேண்டும். அப்புறம் என்ன மிச்சம்? ஜாவா மொழியின் ஸ்பிரிங் பூட்டில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால், விட்டுப்போன இடத்தையெல்லாம் ஓட்டும் முன்பே கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கருவி) காட்டும். பைத்தானில் அது வண்டியில் மூட்டை ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியவரும்.

கதிர்:
அதற்குத்தான் நிரலைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் இருக்கிறது அக்கா. 2022 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 3 வந்தபோது ஜாவா 17 கட்டாயமானது, ஜாவாக்ஸ் என்றிருந்த பேக்கேஜ்களின் (நிரல் தொகுப்புகளின்) பெயர் ஜகார்த்தா ஆனது. எங்கள் டீமுக்கு அதிலேயே மூன்று வாரம் போனது. இவர்கள் கடையை யார் பார்ப்பது? ஜாங்கோ 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும்.

வளர்மதி:
மூன்று வாரம் போனது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் எதுவும் தெரியாமல் உடையவில்லையே தம்பி. பணக்கணக்குக்கு எனக்கு அது முக்கியம்.

பழைய கை:
ரெண்டு பேரும் நல்ல விஷயம்தான் சொல்கிறீர்கள். நான் பார்த்த ஒரு கோளாறைச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 அன்று பாலியஸ்டர் நூலுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. ஒரு கடையில் வரி விகிதம் ஐட்டம் மாஸ்டரில் மட்டும் இருந்தது. பில்லில் ஒவ்வொரு ஐட்டத்தோடும் சேமிக்கவே இல்லை. மாஸ்டரில் 5 என்று மாற்றினார்கள். ஆகஸ்டு பில்லை மறுபடி பிரின்ட் எடுத்தால் அதிலும் 5! அந்தச் சரக்கு ரிட்டர்ன் வந்தபோது அதற்கான வரவுச் சீட்டான கிரெடிட் நோட்டும் 5-ல் விழுந்தது. பழைய பில்லின் 12-ல்தான் போட்டிருக்க வேண்டும். ஆடிட்டர் ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்தார். எந்த ஃபிரேம்வொர்க்கும் இதைத் தடுத்திருக்காது. விகிதத்தைத் தேதியோடு தனி டேபிளில் வையுங்கள். பில் போடும் நொடியில் அந்த பில்லின் ஒவ்வொரு ஐட்டத்தோடும் எழுதிவிடுங்கள். தொகைக்கு ஃப்ளோட் (பைசாவைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வேண்டவே வேண்டாம். ஜாங்கோவில் டெசிமல்ஃபீல்டு, ஜாவாவில் பிக்டெசிமல்.

கதிர்:
அருமை ஐயா. இதையெல்லாம் யோசிக்க நேரம் வேண்டும் என்பதால்தான் நான் ஜாங்கோ என்கிறேன்.

வளர்மதி:
நான் என் கருத்தில்தான் இருக்கிறேன். உங்களில் யாருக்கு எது தெரியும்? அதைச் சொல்லவே இல்லையே.

நூல்கடைக்காரன்:
தம்பிக்குப் பைத்தான் நன்றாக வரும், ஜாவா இருவருக்கும் புதிது. அதனால் ஜாங்கோவில் தொடங்குகிறோம். ஐயா சொன்ன சரக்கு ரிட்டர்னுக்கான திரையைத்தான் முதலில் எழுதப் போகிறோம். பில் திரையை என்டர் விசையிலேயே ஓட்ட வழி தெரிந்தால் சொல்லுங்கள் அக்கா.