மறு: 'இறுதிப் பயனர் நிரலாக்கம்' – வேறு சொல் உண்டா?

வணக்கம். பாலிடெக்னிக் பாடம் ஒன்று திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நிரல் (program) எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாதவர் தம் வேலைக்குத் தாமே எழுதிக்கொள்வது பற்றியது, ஆங்கிலத்தில் end-user programming. 1979இல் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்ததிலிருந்து விரிதாளில் சூத்திரம் போடும் கணக்கர்களைப் போல. 'இறுதிப் பயனர் நிரலாக்கம்' என்றேன். "இறுதின்னா இறுதிச் சடங்கா சார்?" என்கிறான் ஒருவன்.

———

'கடைப்பயனர்' எனலாமே. கடை என்றாலும் முடிவுதான்.

———

> கடைப்பயனர்

வேண்டாம் ஐயா. வள்ளுவர் கடையர் என்றது கல்லாதவரை. பையன்களோ மளிகைக் கடை என்பார்கள்.

> தொழிலாகக் கொள்ளாதவர்

எனக்கு உறுத்துவது இதுதான். நான் இருபது வருடமாக நிரலர். வீட்டு மின்கட்டணம் பார்க்க ஒரு துண்டு நிரல் வைத்திருக்கிறேன். சோதனையும் கிடையாது, ஆவணமும் கிடையாது. அதை எழுதும்போது நானும் இந்த வகைதான். எழுதுபவர் யார் என்பதல்ல, யாருக்காக எழுதுகிறார் என்பதே கணக்கு. ஓட்டல் மாஸ்டர் வீட்டில் ரசம் வைப்பதில்லையா? அதே ரசத்தை ஊருக்குப் பரிமாறும்போதுதான் வம்பு. 2020இல் இங்கிலாந்தில் கொரோனா எண்ணிக்கையைப் பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் சேர்த்தார்கள். அதில் ஒரு தாள் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விட்டுப்போயின.

என் பரிந்துரை: தன்னிரலாக்கம். தன் + நிறைவு தன்னிறைவு ஆவது போல.

———

புணர்ச்சி சரி. ஆனால் நிரல் என்றால் வரிசை. தொல்காப்பியர் சொல்லும் நிரல்நிறையில், அதாவது சொற்களை வரிசையாக நிறுத்திப் பொருள் கொள்ளும் முறையில், இருப்பதும் அதே நிரல்தான். அது நிரனிறை என்றும் புணரும். அந்த வழியில் 'தன்னிரல்' என்பது ரேஷன் கடையில் அவரவர் நிற்கும் இடம். முதலிலேயே 'செய்நிரல்' என்று வைத்திருக்க வேண்டும். அன்றே எழுதினேன், யாரும் கேட்கவில்லை.

———

செய்நிரல் சண்டை அப்புறம், ஐயா. தன்னிரல் என்று பலகையில் எழுதிப் பார்த்தேன். பாதி வகுப்பு 'தன் விரல்' என்று படித்தது. 'பயனர் நிரலாக்கம்' என்றே போடுகிறேன். யாருக்காக என்ற விளக்கத்தை அடுத்த வரியில் சேர்த்துவிட்டேன், ரசம் உட்பட.

———

சரி, நேரமில்லை என்பதால் ஒத்துக்கொள்கிறேன்.

———

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பயனர் நிரலாக்கம் என்ன தொகை? பயனரால் நிரலாக்கமா, பயனரையே நிரலாக்குவதா? மறுபதிப்பு எப்போது?